மூலைக் கம்ப்யூட்டர் சொன்ன பெயர்

அத்தியாயம் 9

"அண்ணி, இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னலுக்கு வெளிய போட்டா நம்ம மேல கேஸ் வருமா?"

"மொதல்ல நான் போடறேன். மிச்சம் இருந்தா நீ போடு."

கேட்டவன் கொழுந்தன். பதில் சொன்னவள் அண்ணி. முறைப்படி அவள் அவன் ஒருவனுக்குத்தான் அண்ணி. ஆனால் துப்பறியப் போகிற இடமெல்லாம் அவன் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் இன்ஸ்பெக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் அதுவே அவள் பெயராகிவிட்டது. அவள் பிடித்துக்கொடுத்த நகைத் திருடன் ஒருவன் ஜெயிலிலிருந்து வெளியே வந்த கையோடு வீட்டு வாசலில் நின்று, "சௌக்கியமா அண்ணி?" என்று விசாரித்துவிட்டுப் போனான். அவளுடைய வீட்டுக்காரருக்கு அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை.

அப்பேர்ப்பட்டவள் இப்போது ஒரு கார்ட்டூன் பட ஸ்டூடியோவின் மூலையில், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனிதர்களின் முகத்தைப் படிப்பாள், செருப்புத் தேய்மானத்தைப் படிப்பாள். எதிரே கம்ப்யூட்டர் திரையில் இருந்த கறுப்பு ஜன்னலில் படிக்க எதுவுமே இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ஸ்டூடியோ எடுத்து முடித்த ஒன்றரை மணி நேரப் படத்தின் ஒவ்வொரு பிரேமும் இணையத்தில், வாடகைக்கு எடுத்த கிளவுடு சேமிப்பில் இருந்தது. நாளைக்கு டிவிக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டிய படம். நேற்று மதியம் யாரோ ஒரு கட்டளையைத் தட்டி மொத்தத்தையும் அழித்துவிட்டார்கள். யார் என்று கிளவுடு கம்பெனியைக் கேட்டால், எந்தக் கணக்கின் பெயரில் கட்டளை வந்ததோ அந்தப் பெயரைச் சொன்னார்கள். கிடங்கு.

கிடங்கு என்பது ஒரு பெண். அந்தச் சேமிப்பைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் ஸ்டூடியோவில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். அவளுடைய கணக்குக்குக்கூட அதையே பெயராக வைத்திருந்தாள். காலையில் முதலாளி ஹாலுக்கு வந்து, எல்லோரையும் ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் அவளைத் "திருடி" என்று சொன்னார். அவள் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டார், பாஸ்வேர்டை மாற்றினார். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அவள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள்.

நேற்று அவள் லீவு. ஆனால் லீவெல்லாம் இந்த வழக்கில் சாட்சியாகாது. எங்கிருந்து வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்பதற்குத்தானே கிளவுடு வைத்திருக்கிறார்கள்.

"எனக்குச் சந்தேகமே இல்ல மேடம்," என்று முதலாளி சொல்லியிருந்தார். "போலீஸ்ல குடுக்க ஒரு ஆதாரம் வேணும், அவ்வளவுதான். மதியத்துக்குள்ள எடுத்துக் குடுங்க."

புகார் பதிவானால் அந்தப் பெண்ணின் கதை முடிந்தது. அப்புறம் எந்த ஸ்டூடியோவிலும் அவள் கையில் ஒரு பீரோச் சாவியைக்கூடத் தர மாட்டார்கள்.

அண்ணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கட்டளையின் முழு விவரத்தையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும். கிளவுடு கம்பெனி பெரிய மனது பண்ணி, 'பார்வையாளர்' என்று ஒரு கணக்கும் அதற்கு ஒரு சாவியும் தந்திருந்தது. பார்க்கலாம், எதையும் தொட முடியாது. ஆனால் அதற்கு மவுஸால் அமுக்குகிற வழி கிடையாது. ஒரு மென்பொருள் கருவியைக் கம்ப்யூட்டரில் போட்டு, கறுப்பு ஜன்னலைத் திறந்து, எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும். மற்ற கம்ப்யூட்டர்களில் ஆட்கள் படத்தின் மிஞ்சிய துண்டு துக்கடாக்களைத் தேடிக்கொண்டிருந்ததால், ஹாலை ஒட்டிய சின்ன அறையில் யார் வேண்டுமானாலும் உட்காருகிற மூலைக் கம்ப்யூட்டரை இவர்களுக்கு ஒதுக்கினார்கள்.

கொழுந்தன் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தவன். அவனாக விட்டானா, அவர்கள் விரட்டினார்களா என்பது குடும்பத்தில் இன்னும் தீராத வழக்கு.

கருவியை இறக்கினான், ஓடவிட்டான். 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்று வந்தது. கறுப்பு ஜன்னலில் கருவியின் பெயரைத் தட்டினான். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது.

"இப்பதானே வந்துட்டேன்னு சொல்லிச்சு?" என்றாள் அண்ணி.

"கல்யாணத்துக்கு வந்துட்டேன்னு போன்ல சொல்லிட்டு வீட்டுல தூங்கற சொந்தக்காரன் மாதிரி அண்ணி."

மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் வெற்றி. மறுபடியும் அப்படி ஒரு கட்டளையே இல்லை. அண்ணிக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது.

அந்த நேரம் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், இன்னுமா? அந்த ஜன்னலை மூடிட்டுப் புதுசாத் திறங்க. பழைய ஜன்னலுக்குப் புதுக் கருவி தெரியாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். "நானே இதை இதே மிஷின்ல போட்டேன் தெரியுமா? என் வீட்டுக் கணக்கு இதே கம்பெனியிலதான். வழிமுறையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஒரே மூச்சுல முடிச்சேன். வேலை ஆனதும் கருவியைக் கழட்டியும் போட்டுட்டேன். இதுக்குப் போய் இத்தனை பேர் சம்பளம் வாங்கறாங்க!"

அவர் போனதும் கொழுந்தன் ஜன்னலை மூடித் திறந்தான். கருவி வந்துவிட்டது. அதுதான் அண்ணிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அடுத்தது அமைக்கிற வேலை. கருவி வரிசையாகக் கேள்வி கேட்டது. சாவி என்ன? ரகசியக் குறியீடு என்ன? எந்தப் பிராந்தியம்? ரகசியக் குறியீடு ரயில் நீளத்துக்கு இருந்தது. தட்டும்போது திரையில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கொழுந்தன் தட்டினான். தவறு. அண்ணி ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க வாசிக்கத் தட்டினான். தவறு.

"பெரிய எழுத்துன்னு சொன்னீங்களா, சின்ன எழுத்துன்னு சொன்னீங்களா?"

"கத்திச் சொன்னா பெரிய எழுத்து. மெதுவாச் சொன்னா சின்ன எழுத்து."

"எல்லாத்தையும் கத்தித்தானே சொன்னீங்க!"

கடைசியில் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டலாம் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. முன்னாலேயே வராத ஞாபகத்துக்காக அவனுக்குத் தோளில் ஒன்று கிடைத்தது.

"முடிஞ்சுது அண்ணி. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியாச்சு. இப்ப அந்தக் கம்பெனிக்காரர் சொன்னதைப் பண்ணணும்."

கம்பெனிக்காரர் போனில் ஒரு யோசனை சொல்லியிருந்தார். அமைத்து முடித்ததும் 'நான் யார்?' என்று கருவியைக் கேட்கிற கட்டளை ஒன்று உண்டு. அதைத் தட்டிப் பாருங்கள், பார்வையாளர் என்று வந்தால் எல்லாம் சரி என்றார்.

கொழுந்தன் தட்டினான். பதில் வந்தது.

கிடங்கு.

அண்ணி திரைக்கு அருகே குனிந்தாள்.

"தப்பாத் தட்டிட்டே."

"நான் யாருன்னு கேட்டேன் அண்ணி. இதுல தப்பாத் தட்ட என்ன இருக்கு?"

மறுபடியும் சாவியைக் கொடுத்தான். கிடங்கு. அமைப்பை அழித்துவிட்டுப் புதிதாக அமைத்தான். கிடங்கு. கருவியையே பிடுங்கிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி, முதலிலிருந்து எல்லாவற்றையும் போட்டான். கருவி அலுத்துக்கொள்ளாமல் அதே பதிலைச் சொன்னது. கிடங்கு.

"எங்கம்மா பத்து மாசம் சுமந்து பெத்தாங்க," என்றான் கொழுந்தன் திரையைப் பார்த்து. "பேர் வெச்சாங்க. பள்ளிக்கூடத்துல சேத்தாங்க. நீ என்னடான்னா ஒரே நிமிஷத்துல என்னைப் பொம்பளையாக்கிட்டே."

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வரும்போல இருந்தது. மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சொன்னால் வெட்கக்கேடு. விசைப்பலகையை ஓங்கித் தட்டினாள். மேஜை குலுங்கியது.

சத்தம் கேட்டு ஸ்டூடியோ மேனேஜர் வந்தான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அவன் காதுபட 'மேனேஜர் சார்', அந்தப் பக்கம் போனதும் 'மச்சினன்' என்பதுதான் ஊழியர்களின் வழக்கம். காலையிலிருந்து நான்கைந்து தடவை இந்தப் பக்கமாக நடந்தவன், இவர்கள் தவிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனான். இப்போது திரையைக் குனிந்து பார்த்தான். அந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"இ... இது பழைய மிஷின் மேடம். இதோட ஏன் கஷ்டப்படறீங்க? என் லேப்டாப்பைத் தரேன். அதுல போடுங்க, ஒழுங்கா வரும்." பதிலுக்குக் காத்திராமல் ஓடினான்.

"நல்ல மனுஷன்," என்றான் கொழுந்தன்.

"காலையிலேருந்து இல்லாத நல்ல மனசு இப்ப எங்கேருந்து வந்துச்சு?" அண்ணி நாற்காலியைத் திரையருகே இழுத்தாள். அவள் குரல் மாறிவிட்டது. "நாம கருவி வரலைன்னு தவிச்சப்ப சிரிச்சான். சாவி ஏறலைன்னு தவிச்சப்பவும் சிரிச்சான். பேரைப் பாத்ததும்தான் லேப்டாப் தரேங்கறான். தம்பி, அந்த மிஷின்கிட்ட வேற ஒண்ணு கேக்க முடியுமா? நீ யாருன்னு வேணாம். இந்தப் பேரை எங்கேருந்து எடுத்தேன்னு கேளு."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். உதவிப் பக்கத்தைப் புரட்டி ஒரு கட்டளையைக் கண்டுபிடித்துத் தட்டினான். படித்தான். இன்னொரு முறை படித்தான்.

"அட! அண்ணி, இது நாம குடுத்த சாவியைத் திரும்பிக்கூடப் பாக்கல. இந்த மிஷின் முழுசுக்கும் பொதுவா ஒரு சாவி எழுதி வெச்சிருக்கு. கருவி மொதல்ல அதைத்தான் பாக்குமாம். அங்க சாவி இருந்தா, நாம என்ன குடுத்தாலும் மதிக்காது. பாஸ்வேர்டை மாத்தினாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்."

"அப்படின்னா இந்த நாற்காலியில யார் உக்காந்தாலும்..."

"கிடங்குதான் அண்ணி. நீங்களும் கிடங்கு, நானும் கிடங்கு. கூட்டறவர் வந்து தட்டினாலும் கிடங்கு."

அண்ணி எழுந்து நேராக வரவேற்பறைக்குப் போனாள். கிடங்கு தலை நிமிர்ந்தாள். அழுது முடித்து, அழ ஒன்றும் மிச்சமில்லாத முகம்.

"மூலைக் கம்ப்யூட்டர்ல உன் சாவியை எழுதினது யாரு?"

"நான்தான்க்கா." மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "அக்காவுக்குப் பிரசவம், லீவு கேட்டேன். லீவு போட்டாலே போன் மேல போன் வரும். கருவி வரலை, சாவி ஏறலை, படம் ஏத்த முடியலை. மேனேஜர் சார்தான், எதையாவது பண்ணிட்டுப் போன்னார். யாரும் எதுவும் அமைக்கவே வேணாம், உக்காந்தா ஓடணும்னு அதுல என் சாவியைப் பொதுவாப் போட்டேன்."

"உன் வீட்டுச் சாவியையும் இப்படித்தான் தெருவுல மாட்டிட்டுப் போவியா?"

"தப்புதான்க்கா. ஆனா பிரசவ ஆஸ்பத்திரியில உள்ள டாக்டர் கூப்பிடறப்ப கையில இவங்க போன் இருந்தா? நான் என்ன பண்ணட்டும்?"

அண்ணி மூலைக்குத் திரும்பி வந்தபோது மச்சினன் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தான். பின்னாலேயே முதலாளியும் வந்துவிட்டார்.

"ஆதாரம் கிடைச்சுதா மேடம்? இன்ஸ்பெக்டர் லைன்ல வரேன்னார்."

"கிடைச்சுது சார். மேனேஜர் சார், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மச்சினனுக்கு முழி பிதுங்கியது. "அத்தான், சத்தியமா நான் அழிக்கல! இந்த மிஷின்ல அவ சாவியைப் போடச் சொன்னது நான்தான். அதைச் சொன்னா நீங்க என்னைத் தொலைச்சுக் கட்டிடுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். நேத்து மதியம் நான் இங்கேயே இல்ல. அக்காவைக் கூட்டிக்கிட்டு பேங்குக்குப் போயிருந்தேன். நீங்கதானே அனுப்பினீங்க!"

முதலாளி தலையை ஆட்டினார். அது உண்மைதான். கொழுந்தன் ஏமாற்றத்தோடு மச்சினனைப் பார்த்தான். நல்லாப் பொருந்தி வந்த குற்றவாளி.

"மத்த ஆளுங்க?" என்றான்.

"நேத்து மதியம் எல்லாரும் சாப்பாட்டு ரூம்ல. இந்தப் பக்கம் யாருமே இல்ல," என்றார் முதலாளி.

அண்ணி அவரையே பார்த்தாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இந்தப் பக்கம் யாருமே இல்லன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"நான்தான் இருந்தேனே."

"இங்கேயா?"

"அதான் சொன்னேனே மேடம், நானே இதைப் போட்டேன்னு. நேத்து மதியம்தான். ஆளுங்க முன்னாடி கத்துக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. இந்தப் பொண்ணு இல்லைன்னா ஸ்டூடியோ ஓடாதுங்கற நிலைமை எனக்குப் பிடிக்கல. நாமே கத்துக்கிட்டா அப்புறம் அவளை... சரி, அது எதுக்கு இப்போ."

"கத்துக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"என் வீட்டுக் கணக்கோட சாவியைக் குடுத்தேன். அதுல வீட்டு போட்டோவெல்லாம் ரொம்பி வழியுது. ஏற்கனவே டிஸ்க்ல நகல் எடுத்தாச்சு. அதனால எல்லாத்தையும் காலி பண்ணிப் பழகினேன். ஒரே கட்டளை. சுத்தம்."

சொல்லும்போதுகூட அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. கொழுந்தனின் வாய் மெல்லத் திறந்துகொண்டது. மச்சினன் லேப்டாப்பை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"காலி பண்றதுக்கு முன்னாடி 'நான் யார்'னு கேட்டீங்களா சார்?"

"அது எதுக்கு மேடம்? நான் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"எத்தனை இருக்குன்னு காட்டி, நிச்சயமான்னு கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. லட்சத்துச் சொச்சம்னு காட்டுச்சு. என் வீட்டுக்காரி எடுக்கற போட்டோவுக்கு அதுவே கம்மின்னு நெனச்சேன்."

"உங்க போனை எடுங்க சார். வீட்டுக் கணக்கைத் திறங்க."

முதலாளி எரிச்சலோடுதான் போனை எடுத்தார். விரலால் தள்ளினார். பேரக்குழந்தையின் பிறந்தநாள். கடற்கரையில் மனைவி. மறுபடியும் மனைவி. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நேற்று ஒரே கட்டளையில் காலி பண்ணியதாக அவர் சொன்ன கணக்கிலிருந்து ஒரு போட்டோகூடக் குறையவில்லை.

விரல் நின்றது.

"அப்ப நான் எதை..." என்று ஆரம்பித்தவர் மூலைக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரையில் அந்தப் பெயர் இன்னும் இருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அண்ணிக்கு அவர்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையிலிருந்து அந்தப் பெண் உட்கார்ந்திருந்த கோலம்தான் கண்ணுக்குள் நின்றது.

"இன்ஸ்பெக்டர்கிட்ட யார் பேரைச் சொல்லட்டும் சார்?" என்று கேட்டான் கொழுந்தன். இந்த முறை அவன் ஜோக் அடிக்கவில்லை.

"மேடம், இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது," முதலாளி ஹால் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன். வேலை போகாது. ஆனா படம்... நாளைக்கு நான் என்னத்தைக் குடுப்பேன்?"

"அதை அவளைத்தான் கேக்கணும்," என்று சொல்லி அண்ணி கொழுந்தனை அனுப்பினாள்.

கிடங்கு வந்தாள். நடந்ததைக் கொழுந்தன் வழியிலேயே சொல்லிவிட்டான் போல. முதலாளியின் முகத்தை அவள் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அழிச்சதெல்லாம் ஒரு நாள் வரைக்கும் குப்பைத் தொட்டியில கிடக்கற மாதிரி ஒரு வசதி இருக்கு. அதை நான் போட்டு வெச்சிருக்கேன். காலையிலேருந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், கீபோர்டுகிட்ட ஒரு நிமிஷம் விடுங்கன்னு. அழிச்ச கை தடயத்தையும் அழிச்சிடும்னு சார் விடல. இன்னும் கொஞ்ச நேரத்துல தொட்டி தானாவே காலியாயிடும்."

"எடுக்க முடியுமா?" முதலாளிக்கு மூச்சு வந்தது. "என் லேப்டாப்ல பண்ணு, வா!"

"என் லேப்டாப்பைப் பிடுங்கி, பாஸ்வேர்டையும் மாத்திட்டீங்களே சார். உங்களுதுல முதல்லேருந்து அமைக்க நேரம் இல்ல. இப்ப என் சாவி உயிரோட இருக்கற இடம் இது ஒண்ணுதான்."

முதலாளி தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். துண்டு இருந்திருந்தால் துடைத்தும் விட்டிருப்பார். "உக்காரும்மா. சீக்கிரம் உக்காரு."

அவள் உட்காரவில்லை. நாற்காலியின் பக்கத்தில் கைப்பையோடு நின்றாள்.

"திருடி உக்காரலாமா சார்?"

"அதான்... தெரிஞ்சுபோச்சேம்மா. கோபத்துல ஒரு வார்த்தை. அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல..."

"அந்த வார்த்தையை என்கிட்ட மட்டும் சொல்லலை சார். எல்லாரையும் ஹெட்போனைக் கழட்டச் சொல்லிட்டுச் சொன்னீங்க. அவங்ககிட்டயே போய் மாத்திச் சொல்லுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

முதலாளி மச்சினனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தார். அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு வருட உழைப்பு குப்பைத் தொட்டியில் கிடக்கிறது, இந்தப் பெண் நகர மாட்டேன் என்கிறாள். உட்கார் என்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

கொழுந்தன் ஹால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

முதலாளி போனார். நடையில் காலையில் இருந்த வேகம் இல்லை. கையைத் தட்டினார். ஒருவரும் திரும்பவில்லை. எல்லோர் காதிலும் ஹெட்போன். ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு, கழற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

"காலையில ஒண்ணு சொன்னேன்," என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "சிஸ்டத்துல ஒரு கோளாறு. அதனால ஒரு தப்பு நடந்துபோச்சு..."

கிடங்கு அசையவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி கதவு வழியாக அவளைத் திரும்பிப் பார்த்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"படத்தை அழிச்சது அவ இல்ல," என்றார். "நான்."

அதற்குப் பிறகுதான் அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.